கூறைப்புடவை: கடையிலா, சங்கத்திலா, தறியிலா, அம்மாவின் பீரோவிலா?

வரும் தை மாதம் எனக்குத் திருமணம். மண்டபம், சமையல், நாதஸ்வரம் எல்லாவற்றையும் அப்பாவும் மாமாவும் பேசி முடித்துவிட்டார்கள். என் கையில் விட்டது கூறைப்புடவை ஒன்றைத்தான். எங்கள் பக்கத்தில் அது மாப்பிள்ளை வீட்டுச் சீர். அத்தை ஆடி பிறப்பதற்கு முன்பே வந்து, "நான் எடுத்து வந்து உனக்குப் பிடிக்காமல் போனால் ஆயுசுக்கும் மனக்குறையாக இருக்கும். நீயே போய்ப் பார்த்து எடும்மா. நாற்பதாயிரத்துக்குள் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று தொடங்கிய அலைச்சல் ஐப்பசியில்தான் முடிந்தது. சென்னையின் பெரிய கடைகள், காஞ்சிபுரத்துக் கூட்டுறவுச் சங்கங்கள், தறியில் சொல்லி நெய்வது, அம்மாவின் பழைய புடவையையே கட்டுவது என்று நான்கு வழிகளையும் பார்த்தாகிவிட்டது. இதே முடிவை எடுக்கவேண்டிய இன்னொரு பெண்ணுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் அந்தப் புடவைக்கு அன்றைக்கு என்ன வேலை என்று யோசித்துப் பார்த்தேன். வேறு புடவையில் மணவறைக்கு வருகிறோம். தாம்பாளத்தில் தேங்காய் பழத்தோடு கூறைப்புடவை வருகிறது. பெரியவர்கள் அதன் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக் குங்குமம் வைக்கிறார்கள். வாங்கிக்கொண்டு அறைக்குப் போய், பத்து பதினைந்து நிமிடத்தில் கட்டிக்கொண்டு திரும்ப வேண்டும். வெளியே, முகூர்த்த நேரம் போகிறது என்று ஐயர் குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார். பிறகு மனையில் சம்மணமிட்டு உட்காருகிறோம், எழுகிறோம், அக்கினியைச் சுற்றுகிறோம், அம்மி மிதிக்கிறோம். கழுத்தில் ஈரமான ரோஜா மாலை, எதிரே நெய்ப்புகை, தலைமேல் அட்சதை. இவ்வளவையும் தாங்கவேண்டிய துணி அது. கடையில் கண்ணாடி முன்னால் இரண்டு நிமிடம் தோளில் போட்டுப் பார்க்கும்போது இதெல்லாம் நினைவுக்கு வருவதே இல்லை.

சென்னைக்குத்தான் முதலில் போனோம். தியாகராய நகரில் நான்கு மாடிக் கடைகள். அங்கே இருக்கும் வசதியை மறுக்க முடியாது. ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான புடவைகள். நிறம் சொன்னால் இருபது எடுத்துப் போடுகிறார்கள். மாப்பிள்ளையின் வேட்டி சட்டையும் அம்மாவின் புடவையும் அங்கேயே முடிந்துவிடும். திருமணத்துக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது என்ற நிலையில் இருப்பவர்களுக்கு வேறு வழி கிடையாது. அவர்கள் தயங்காமல் அங்கே போகலாம். எனக்கு இரண்டு விஷயங்கள் உறுத்தின. ஒன்று, வெளிச்சம். எனக்குப் பிடித்த அரக்கு நிறப் புடவையை வாசல்வரை எடுத்துச் சென்று பார்க்கலாமா என்று கேட்டேன். விற்பனைப் பெண் நல்லவர், கூடவே வந்தார். வெயிலில் அது அரக்கு இல்லை, வெந்த செங்கல் நிறம். மேலே விளக்கின் மஞ்சள் ஒளியில் ஜொலித்த ஜரிகையும் வெளியே வந்ததும் தகரம்போல் வெளிறிவிட்டது. எங்கே வாங்கினாலும் சரி, பகல் வெளிச்சத்தில் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

இரண்டாவது, ஜரிகையைப் பற்றிக் கேட்டால் தெளிவான பதில் வராதது. "சில்க் மார்க் இருக்கிறது மேடம்" என்பார்கள். சில்க் மார்க் 2004ஆம் ஆண்டில் மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியில் வந்தது. துணியில் இருப்பது இயற்கைப் பட்டுதான் என்பதற்கு மட்டுமே அது உத்தரவாதம். ஜரிகையில் வெள்ளி இருக்கிறதா என்றோ, கைத்தறியா விசைத்தறியா என்றோ அந்த அட்டை சொல்வதில்லை. கைத்தறிக்கு 2006ஆம் ஆண்டில் வந்த தனி முத்திரை இருக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஏமாறுகிறவர்கள் நிறைய. என் பெரியம்மா மகள் அக்காவுக்கு நடந்தது அதுதான். பெரிய தொகை கொடுத்து, சுத்த ஜரிகை என்று சொன்னதை நம்பி ஒரு கடையில் முகூர்த்தப் புடவை எடுத்தார்கள். மூன்று வருடத்தில் கரை கறுத்துப்போனது. சோதித்துப் பார்த்தால் செம்புக் கம்பிமேல் வெள்ளிப் பூச்சு மட்டும்தான். கடைக்குப் போய்க் கேட்டபோது பில்லைக் காட்டச் சொன்னார்கள். அதில் 'பட்டுப்புடவை' என்ற ஒற்றைச் சொல்தான் இருந்தது. வாயால் சொன்னதற்குச் சாட்சி ஏது? அக்கா அன்று அழுத அழுகை பணத்துக்காக இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அதனால் ஜரிகைக் கணக்கை நானே உட்கார்ந்து படித்தேன். காஞ்சிபுரத்தில் ஜரிகையை மார்க் என்ற அளவில் எடை போடுகிறார்கள். ஒரு மார்க் சுமார் 242 கிராம். அசல் ஜரிகை என்றால் அதன் எடையில் பொதுவாக 40 சதவீதம் வெள்ளி, 35.5 சதவீதம் செம்பு, 24 சதவீதம் பட்டு நூல், அரை சதவீதம் தங்கம். ஒரு புடவையில் அரை மார்க் ஜரிகை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது 121 கிராம். அதில் வெள்ளி மட்டும் ஏறத்தாழ 48 கிராம், தங்கம் 0.6 கிராம். அன்றைய வெள்ளி விலையையும் தங்க விலையையும் இந்த எடைகளால் பெருக்கிப் பாருங்கள். நெசவுக் கூலியும் பட்டு விலையும் சேர்வதற்கு முன்பே என்ன தொகை வருகிறது என்று தெரிந்துவிடும். கரை முழுக்க அகலமாக ஜரிகை மின்னும் புடவையைப் பன்னிரண்டாயிரத்துக்குக் காட்டி, சுத்த ஜரிகை என்று ஒருவர் சொன்னால், அவரோடு வாதாடவே வேண்டாம். கணக்கே பதில் சொல்லிவிடும். குறைந்த விலை ஜரிகைப் புடவை வாங்குவதில் எந்தத் தவறும் இல்லை. அசல் என்ற பெயரில் அதை விற்பதுதான் தவறு.

கையால் பார்க்கும் சோதனையும் உண்டு. ஜரிகை இழையை நகத்தால் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிய வேண்டும். வெள்ளை நூல் தெரிந்தால் சந்தேகம்தான். ஆனால் பாலியஸ்டர் நூலுக்கும் சிவப்புச் சாயம் ஏற்றிவிட முடியும் என்பதால் இதை மட்டும் நம்பக்கூடாது. உலோகங்களின் சதவீதத்தைச் சொல்லும் எந்திரம் வந்துவிட்டது. அந்தச் சோதனைக்குச் சம்மதிக்கிறாரா என்று விற்பவரிடம் கேளுங்கள். அவர் முகம் போகும் போக்கிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

இனி காஞ்சிபுரம். எங்கள் செய்யாற்றிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். காந்தி ரோடு முழுக்கப் பட்டுக் கடைகள். பஸ் நிலையத்திலேயே, "தறியிலிருந்து நேராக எடுத்துத் தருகிறேன்" என்று யாராவது கூடவே நடந்து வருவார்கள். அவர்கள் பின்னால் போகாதீர்கள். அவர்களுக்கு வரும் கமிஷன் நம் புடவை விலையில்தான் ஏறும். காஞ்சிபுரத்தில் வாங்குவதாலேயே அது காஞ்சிபுரத்தில் நெய்தது என்று ஆகிவிடாது. வெளியூர் விசைத்தறிப் புடவைகளும் அங்கே அடுக்கி இருக்கின்றன. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அப்படியிருந்தும் பெயரை மட்டும் ஒட்டிக்கொண்டு விற்பது நிற்கவில்லை.

நாங்கள் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் விற்பனை நிலையங்களுக்குப் போனோம். அறிஞர் அண்ணா சங்கம், முருகன் சங்கம், காமாட்சியம்மன் சங்கம் என்று பல இருக்கின்றன. தியாகராய நகரின் பளபளப்பை அங்கே எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். டியூப் லைட், மர அலமாரி, பாய் விரித்த மேடை. வடிவங்களும் பழையவையே அதிகம். மயில்கண், ருத்ராட்சம், தாழம்பூ ரேக்கு, வைரஊசி, கட்டம். இளம் ரோஜா, சாம்பல் போன்ற இன்றைய வெளிர் நிறங்கள் குறைவு. ஆனால் ஒவ்வொரு புடவையிலும் விலைச்சீட்டு, ஜரிகை விவரம், எடை எல்லாம் இருக்கின்றன. பேரம் கிடையாது. பில்லில் அசல் ஜரிகை என்று எழுதித் தாருங்கள் என்றதும் மறுபேச்சில்லாமல் எழுதினார்கள். சென்னைக் கடையில் ஐம்பத்திரண்டாயிரம் சொன்ன அதே வகைக் கோர்வைப் புடவை இங்கே முப்பத்து நான்காயிரம். காஞ்சிபுரம் போக முடியாதவர்களுக்குக் கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது. 1935இல் தொடங்கிய நிறுவனம். தீபாவளிக்கு 30 சதவீதத் தள்ளுபடி கொடுப்பது வழக்கம். தை முகூர்த்தத்துக்கு அந்த நேரம் தோதாக அமையும்.

கோர்வை என்றேனே, அதை விளக்கிவிடுகிறேன். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று இருக்கும் புடவையில் இரண்டையும் தனித்தனிப் பாவாக, அதாவது நீளவாக்கு இழைகளாக ஓட்டி, நெய்யும்போதே ஊடை என்ற குறுக்கு இழையால் பின்னிச் சேர்ப்பதற்குக் கோர்வை என்று பெயர். ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா மூன்று வேண்டும். ஒருவரால் ஆகாது, பக்கத்தில் இன்னொருவர் இருக்க வேண்டும். முந்தானைக்கு நிறம் மாறும் இடத்தில் பழைய பாவோடு புதிய பாவின் ஒவ்வோர் இழையையும் முறுக்கிச் சேர்ப்பார்கள், அது பிட்னி. புடவையைத் திருப்பிப் பாருங்கள். கரை சேருமிடத்தில் உள்பக்கம் சற்று மேடாகத் தட்டுப்படும். முந்தானை தொடங்கும் இடத்தில் இரண்டு நிறமும் கலந்த ஒரு பட்டை தெரியும். புடவை கிழியும் வயதிலும் அந்த இணைப்பு விடாது என்பார்கள். அம்மாவின் புடவையில் அதை என் கையாலேயே இழுத்துப் பார்த்துவிட்டேன்; உண்மைதான்.

அந்தப் புடவைக்கு வருகிறேன். 1993இல் அம்மா கட்டியது. அரக்கு உடல், கடுகு மஞ்சள் கரை, அன்னப்பட்சி முந்தானை. அப்பாவின் பழைய வேட்டியில் சுற்றி பீரோவின் மேல்தட்டில் இருந்தது. ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் பாய் விரித்து அதைப் பிரித்தோம். முந்தானையின் ஜரிகை வெள்ளியும் பொன்னும் கலந்த மங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. புது ஜரிகையில் அந்த அழகு வராது. மூலையில் பெரியவர்கள் அன்று வைத்த மஞ்சள் இன்னும் பழுப்புப் பொட்டாக இருந்தது. அம்மா அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவே இல்லை. உனக்கே எடுத்துக்கொள் என்று சொன்னபோது எனக்கும் தொண்டை அடைத்தது.

ஆனால் புடவையைத் தோளில் போட்டு இழுத்தபோது, மடிப்பு விழுந்த இடத்தில் 'சர்' என்று ஒரு சத்தம். ஒரே மடிப்பில் வருடக்கணக்காக இருந்தால் பட்டு இழை அந்தக் கோட்டில் இற்றுப்போகும். அம்மா வருடத்துக்கு ஒரு முறை வெயில் படாத காற்றில் உலர்த்துவார். மடிப்பை மட்டும் மாற்றியதில்லை. எங்கள் வீட்டில் அந்துருண்டை போடாததால் ஜரிகை பிழைத்தது. இழை ஓட்டும் அம்மாள் ஒருவர் ஆரணியில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு எடுத்துப்போனோம். அவர் விளக்கடியில் பிடித்துப் பார்த்துவிட்டு மூன்று வழி சொன்னார். இற்ற இடங்களில் உள்பக்கம் மெல்லிய வலைத்துணி வைத்துத் தைக்கலாம். இல்லையென்றால் கரையையும் முந்தானையையும் வெட்டிப் புதிய பட்டில் வைத்துத் தைக்கலாம். இரண்டும் வேண்டாமென்றால் பாவாடை தாவணியாக்கிவிடலாம். முதல் வழிக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் கேட்டார். "தைத்துத் தருகிறேன். ஆனால் இதைக் கட்டிக்கொண்டு மனையில் உட்காராதே பாப்பா. முட்டியில் பிளக்கும்" என்று அவர் சொன்னதுதான் எனக்கு முடிவெடுக்க உதவியது. அம்மாவின் புடவையைக் கட்ட நினைக்கும் பெண்களே, கடைசி வாரத்தில் அதைப் பிரிக்காதீர்கள். ஆறு மாதத்துக்கு முன்பே பிரித்து, மடிப்புகளில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தெருவில் பழைய பட்டு எடுக்க வருகிறவரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அவர் எடுப்பது அதிலுள்ள வெள்ளிக்காகத்தான்.

ஆரணி வரை போனதால் ஆரணிப் பட்டையும் பார்த்தோம். எடை குறைவு, விலையும் குறைவு. வீட்டுப் பெண்களுக்கு எடுத்துக் கொடுக்க அருமையான தேர்வு. கூறைக்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. கும்பகோணத்துக்கு அருகே திருபுவனத்திலும் கூட்டுறவுச் சங்கம் நன்றாக நடக்கிறது. அந்தப் பட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. டெல்டா பக்கத்தில் இருப்பவர்களுக்கு அதுவே கிட்டத்தில். வாடகைப் புடவையையும் என் தோழி சொன்னாள். வரவேற்புக்கு நகை வாடகைக்கு எடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கூறையைத் திருப்பிக் கொடுப்பதை நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

மீதம் இருந்தது தறியில் சொல்லி நெய்வது. இதில் பலருக்கும் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. பாவு ஓட்டும்போது வழக்கமாக ஒரு பாவில் மூன்று புடவை வரும். நமக்கென்று தனி நிறத்தில் ஒரே ஒரு புடவை வேண்டும் என்றால், மற்ற இரண்டை யார் எடுப்பது? அந்தச் சிரமத்துக்கும் சேர்த்துத்தான் விலை சொல்வார்கள். நான் சங்கத்தில் இதைக் கேட்டபோது, "மூன்று பேராகச் சேர்ந்து வாருங்கள்" என்றார்கள். நாத்தனாரும் பெரியம்மா மகள் அக்காவும் உடனே சம்மதித்தார்கள். அக்காவுக்குப் பழைய ஏமாற்றம் தீர ஒரு வழியாக அது அமைந்ததில் எனக்கு இரட்டை மகிழ்ச்சி. பாவு மூவருக்கும் ஒன்றே, அரக்கு. ஊடை நிறத்தை மாற்றினால் சாயல் மாறும். எனக்கு அரக்கிலேயே அரக்கு, நாத்தனாருக்குக் கறுப்பு ஊடை, அக்காவுக்கு நீலம். முந்தானையும் புட்டாவும் ஒவ்வொருவருக்கும் வேறு. கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாலும் ஒரே புடவை என்று யாருக்கும் தோன்றாது.

பிள்ளையார்பாளையத்தில் அந்தத் தறியைப் பார்க்கப் போனோம். குழித்தறி. நெசவாளர் குழிக்குள் கால் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்க, அவர் மனைவி வலப்பக்கத்தில் கரைக்கான நாடாவை வாங்கி வாங்கித் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை, தாளம் தப்பவில்லை. காலையிலிருந்து எவ்வளவு ஆயிற்று என்று கேட்டேன். அவர் கையை விரித்து, கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை இரண்டு முறை அளந்து காட்டினார். அப்போது மணி பன்னிரண்டு. அந்தப் புடவையின் விலையைக் குறைத்துக் கேட்க அதன்பிறகு எனக்கு வாய் வரவில்லை.

சொல்லி நெய்வதில் இடர்களும் உண்டு, மறைக்கக்கூடாது. முன்பணம் பாதி கட்ட வேண்டும். கணினித் திரையில் பார்த்த நிறமும் சாயத்தொட்டியிலிருந்து வரும் நிறமும் ஒன்றாக இருப்பதில்லை. சாயம் தோய்த்த நூல்கண்டைக் கையில் பார்த்துச் சம்மதம் சொல்வதே நல்லது. மழைக்காலத்தில் நெசவு தாமதமாகும். குழியில் ஈரம் ஏறும், பாவு காயாது. ஐப்பசி, கார்த்திகையில் நெய்து முடிக்க வேண்டிய புடவைக்கு ஆவணியிலேயே சொல்லிவிட வேண்டும். நான்கு மாதம் கையில் இல்லாதவர்கள் சங்கத்தில் நெய்து வைத்திருப்பதையே எடுப்பது பத்திரம். விலை எனக்கு முப்பத்தாறாயிரம் ஆனது. கையிருப்புப் புடவையைவிட இரண்டாயிரம் கூடுதல்.

எடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கனமாக இருந்தால் உயர்ந்தது என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை. கனம் செம்பிலிருந்தும் வரும். சென்னையில் நான் தோளில் போட்டுப் பார்த்த ஒன்று ஒரு கிலோ இருநூறு கிராம். கொசுவம் கையில் நிற்காமல் சரிந்துகொண்டே இருந்தது. என் புடவை எழுநூற்று ஐம்பது. கரையை நான்கு விரற்கடை அளவுக்குக் குறைத்து, ஜரிகையை முந்தானைக்குக் கொண்டுபோகச் சொன்னேன். மனையில் உட்காரும்போது கண்ணில் படுவது முந்தானைதான். அகலக் கரை மடியில் மடங்கி மறைந்துவிடும்.

ஆக, என் முடிவு இது. முதல் நாள் மாலை வரவேற்புக்கு அம்மாவின் 1993 புடவை. மேடையில் நிற்பதுதான் அன்று வேலை, உட்கார்ந்து எழுவது குறைவு. வலைத்துணி வைத்த புடவை அதைத் தாங்கும். வரவேற்புக்கென்று தனியாக வாங்க வைத்திருந்த பணம் அப்படியே மிஞ்சியது. மறுநாள் விடிகாலை முகூர்த்தத்துக்குத் தறியில் நெய்த அரக்கு.

ஒரே ஒரு சிக்கல்தான் மிச்சம். ரவிக்கைத் துணி புடவையோடு சேர்ந்தே வருகிறது. ஆரி வேலைக்குத் தையற்காரர் மூன்று வாரம் கேட்கிறார். ஆனால் தாம்பாளத்தில் வைக்கும் முன் கூறையில் கத்தரி படக்கூடாது என்பது மாப்பிள்ளை வீட்டு ஆயாவின் பேச்சு. அத்தை இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு ஒரு வழி சொன்னார். ரவிக்கைக்கு வேறு பட்டு எடுத்து, கடுகு மஞ்சளில், அம்மாவின் புடவைக் கரைக்குப் பொருந்தும்படி தைத்துக்கொள்வது. இரண்டு நாளும் அந்த ஒரே ரவிக்கை பொருந்தும். வெள்ளிக்கிழமை அளவு கொடுக்கப் போகிறோம்; அம்மாவின் புடவையையும் பையில் எடுத்து வைத்தாகிவிட்டது, நிறம் பார்த்து எடுப்பதற்கு.